அகப்பையின் அளவு: கஹ்வாவிலிருந்து தேத்தண்ணி வரை

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ரமழானின் முதல் நாள். இலுப்பைக்கடவையில் நான் படிப்பிக்கும் பாடசாலையில் 11ஆம் ஆண்டு வகுப்பு. ளுஹருக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. புணர்ச்சி விதி நடத்திக்கொண்டிருந்தேன். காலையிலிருந்தே தலையிடி. பத்து மணிக்கு நெற்றிப்பொட்டு இரண்டும் விண்விண்ணென்று இடிக்கத் தொடங்கிவிட்டது. பின்வாங்கில் ஒரு பையன் மேசையில் தலையைச் சாய்த்து நல்ல நித்திரை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சோக்கட்டியை எறிந்து எழுப்பி, வகுப்பு முழுவதற்கும் கேட்கக்கூடியதாக ஏசிவிட்டேன். நோன்பு வைத்த வாயால் சொல்லக்கூடாத சொல்லொன்றும் வந்துவிட்டது.

இடைவேளையில் அவன் வந்து நின்றான். "கோவிக்காதைங்க சேர். ராத்திரி ரெண்டு மணிமட்டும் படிச்சனான். கோப்பி குடிச்சுக் குடிச்சுத்தான் முழிச்சனான். பிறகு படுத்தாலும் நித்திரை வரேல்ல" என்றான். கடற்றொழில் செய்யும் குடும்பத்துப் பிள்ளை. விடியப்புறம் தகப்பன் கரைக்கு வந்தால் வலையில் மீன் தட்டவும் போகவேண்டும்.

அவன் போன பிறகு நான் யோசித்தேன். நாளொன்றுக்கு எட்டு, ஒன்பது தேத்தண்ணி குடிக்கிறவன் நான். அன்று ஒரு சொட்டும் இல்லை. என் தலையிடி பசியாலோ தாகத்தாலோ வந்ததல்ல. அவனுடைய நித்திரைக்கும் என்னுடைய கோபத்துக்கும் காரணம் ஒரே பொருள்தான். அவனுக்கு அது கூடிப்போயிற்று. எனக்கு அது நின்றுபோயிற்று.

நோன்பு தக்வாவுக்காக. அந்த முதல் நாளில் நான் படைத்தவனை நினைத்ததைவிடத் தேத்தண்ணியை நினைத்ததே அதிகம். இந்த வெட்கம்தான் என்னைப் புத்தகங்களின் பக்கம் தள்ளியது. தேடிப் படித்தபோது ஒன்று தெளிவாயிற்று. இந்தப் பானங்களுள் முதலாவதை உலகத்துக்குக் கொடுத்தவர்கள் முஸ்லிம்கள். கொடுத்தபோது அளவோடுதான் கொடுத்தார்கள். அந்த அளவு இடையில் எங்கோ தொலைந்துபோயிருக்கிறது. அது எங்கே தொலைந்தது, அதை மீட்க முடியுமா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கஹ்வாவுக்கு முன்

தேத்தண்ணி இல்லாத ஒரு காலம் எங்கள் கரையில் இருந்தது என்று சொன்னால் பிள்ளைகள் நம்புவதில்லை. வந்த விருந்தாளிக்கு முதலில் நீட்டுவது தேத்தண்ணி. மையித்து வீட்டிலும் தேத்தண்ணி. நிக்காஹ் பேசப் போனாலும் தேத்தண்ணி. ஆதம் நபி காலத்திலிருந்து வருவதுபோலத் தோன்றும்.

1344ஆம் ஆண்டில் இப்னு பதூதா புத்தளம் கரையில் இறங்கினார். இத்தீவைப் பற்றி அவர் எழுதிய பக்கங்களில் கறுவா வருகிறது, முத்து வருகிறது, பாவாத மலை வருகிறது. கோப்பியும் இல்லை, தேயிலையும் இல்லை. அவர் கண்ட கீழைத்தேச உபசாரம் வெற்றிலை. பொன்னும் வெள்ளியும் கொடுப்பதைவிட ஐந்து வெற்றிலை கொடுப்பதையே மக்கள் பெரிய மரியாதையாக எண்ணுகிறார்கள் என்ற கருத்துப்பட அவர் எழுதியுள்ளார். எங்கள் மூத்தம்மா காலம் வரைக்கும் வட்டா நிறைய வெற்றிலைதான் வாசலுக்கு வரும். தேத்தண்ணி பின்னால் வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

'கஹ்வா' என்ற அரபுச் சொல்லும் முதலில் கோப்பியைக் குறித்ததல்ல. பழைய அரபுக் கவிதையில் அது மதுவுக்கு ஒரு பெயர். சாப்பாட்டின் மேலுள்ள நாட்டத்தைக் குறைப்பதால் அப்பெயர் வந்தது என்று அரபு அகராதிகாரர் விளக்கம் சொல்வர். பசியை மந்தமாக்குவது என்ற இந்தப் பொருளை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இதற்கு வேலை இருக்கிறது. அந்தக் கஹ்வா துருக்கியில் கஹ்வே ஆயிற்று, ஒல்லாந்தில் கோஃபி ஆயிற்று, எங்கள் வாயில் கோப்பியாயிற்று.

தமிழில் இதற்கு ஒத்த ஒரு சொல் உண்டு. 'மட்டு' என்றால் கள், தேன். அதே எழுத்துகளில் 'மட்டு' என்றால் அளவு, எல்லை. 'மட்டுப்படுத்து', 'ரெண்டு மணிமட்டும்' என்று நாம் பேசுவது இந்த இரண்டாவது மட்டை வைத்துத்தான். அகராதியில் இவை வேறு வேறு சொற்கள். ஆனால் அடுத்தடுத்துத்தான் இருக்கின்றன. குடிக்கும் பொருளும் அதன் எல்லையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கவேண்டியவை என்று வகுப்பில் சொல்வதுண்டு.

சிவப்பு மண்பாத்திரமும் சிறு அகப்பையும்

கோப்பியின் தொடக்க வரலாற்றுக்கு நமக்குள்ள முக்கிய ஆதாரம் 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அப்துல் காதிர் அல்ஜஸீரீ எழுதிய 'உம்தத்துஸ் ஸஃப்வா ஃபீ ஹில்லில் கஹ்வா'. கஹ்வா ஆகுமானது என்று நிறுவ எழுந்த நூல் அது. அதன்படி 15ஆம் நூற்றாண்டில் யெமனில் ஸூபிகளிடையே இப்பானம் பரவுகிறது. ஏடனின் முஃப்தியாக இருந்த ஜமாலுத்தீன் அத்தப்ஹானீ, கடலுக்கு அப்பால் ஆபிரிக்கக் கரையில் இதன் பயன்பாட்டைக் கண்டவர். ஊர் திரும்பி நோய்வாய்ப்பட்டபோது அதை நினைத்துக் குடித்துப் பார்த்தார். சோர்வும் தூக்கமும் நீங்கின. அதன் பின் தம்மோடிருந்தவர்களுக்கும் இரவு வணக்கத்துக்குத் துணையாக அதைச் சொல்லிக்கொடுத்தார் என்பது செய்தி. இவர் 1470ஐ ஒட்டி வபாத்தானவர். முக்காத் துறைமுகத்தில் வாழ்ந்த அலீ இப்னு உமர் அஷ்ஷாதுலீயையும் கோப்பியோடு சேர்த்துப் பேசுவர். அல்ஜீரியாவில் கோப்பிக்கு 'ஷாதுலிய்யா' என்றே ஒரு பெயர் வழங்கிற்று. காயல்பட்டினத்திலும் இலங்கையிலும் ஷாதுலிய்யா தரீக்காவில் திக்ர் மஜ்லிஸ் நடத்துகிறவர்களுக்கு இது உறவுக்காரச் செய்தி.

கெய்ரோவில் அல்அஸ்ஹரில் தங்கிப் படித்த யெமன் மாணவர்கள் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கஹ்வா குடித்த முறையை அல்ஜஸீரீயின் நூல் விவரிக்கிறது. திங்கள் இரவும் வெள்ளி இரவும் கூடுவார்கள். சிவப்பு மண்ணால் ஆன பெரிய பாத்திரத்தில் கஹ்வா இருக்கும். தலைவர் சிறு அகப்பையால் மொண்டு, வலது பக்கத்திலிருந்து வரிசையாக ஒவ்வொருவருக்கும் கொடுப்பார். திக்ர் ஓதியபடியே குடிப்பார்கள்.

இதை முதன்முதல் வாசித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். கிழமையில் இரண்டே இரண்டு இரவு. ஒரு சிறு அகப்பை. அதுவும் தன் கையால் எடுப்பதல்ல, இன்னொருவர் அளந்து கொடுப்பது. எதற்காக விழிக்கிறோம் என்பதும் முன்கூட்டியே தீர்மானமானது. நானோ நாளொன்றுக்கு ஒன்பது கோப்பை, ஏன் குடிக்கிறேன் என்றே தெரியாமல் குடித்துக்கொண்டிருந்தேன்.

மக்காவில் ஒரு வழக்கு

பானம் பள்ளிவாசலிலிருந்து கடைத்தெருவுக்கு வந்ததும் பிரச்சினை தொடங்கிற்று. ஹிஜ்ரி 917, கிறிஸ்துவுக்குப் பின் 1511. மக்காவில் மம்லூக் ஆட்சியின் முஹ்தஸிபாக இருந்த காயிர் பேக், ஓர் இரவு ஹரமிலிருந்து வீடு திரும்பும்போது விளக்கு வைத்துக்கொண்டு கூடியிருந்து கஹ்வா குடிப்பவர்களைக் கண்டார். அடுத்த நாளே உலமாக்களைக் கூட்டினார்.

அச்சபையில் இரண்டு கேள்விகள் பிரிந்தன. கூட்டம் கூடி வீண்விளையாட்டில் ஈடுபடுவது பற்றிக் கருத்து வேற்றுமை இல்லை, அது கூடாது. கஹ்வா என்ற பொருளே கூடாததா என்பது வேறு கேள்வி. பொருள்கள் அடிப்படையில் ஆகுமானவை, தீங்கு நிரூபணமானால்தான் விலக்கப்படும் என்ற சட்டவிதியை உலமாக்கள் எடுத்துவைத்தனர். தீங்கைச் சொல்வதற்கு வைத்தியர்கள் வேண்டும். வைத்தியர்கள் வந்து, உடம்புக்குக் கேடு என்று அக்கால வைத்தியமுறைப்படி சாட்சி சொன்னார்கள். கஹ்வா தடை செய்யப்பட்டது. கொட்டைகள் தெருவில் எரிக்கப்பட்டன. விற்றவர்களுக்கு அடி விழுந்தது.

விடயம் கெய்ரோவுக்குப் போயிற்று. சுல்தானிடமிருந்து வந்த பதில் தீய கூட்டங்களைத் தடுத்தது. பானத்தை முழுமையாகத் தடுக்கவில்லை. அடுத்த ஆண்டே காயிர் பேக்கின் பதவியும் போயிற்று. பின்னும் சில தடவை தடைகள் வந்தன, போயின. இறுதியில் கஹ்வா ஆகுமானது என்ற கருத்தே நிலைபெற்றது.

இந்த வழக்கை நம்மில் பலர் பழமைவாதிகளின் முட்டாள்தனம் என்று கதையாகச் சொல்லிச் சிரிப்பதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தீர்ப்புப் பிழையாக இருக்கலாம். கேட்ட கேள்வி சரியானது. இது உடம்புக்கு என்ன செய்கிறது? அறிந்தவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். தீங்கு எந்த இடத்தில் தொடங்குகிறது? ஹலால் என்று முடிவானவுடன் நாம் இந்தக் கேள்விகளையும் மூடிவிட்டோம். ஹலாலான சோற்றையும் மூன்றிலொரு பங்கு வயிற்றுக்கு மேல் போகவேண்டாம் என்று சொன்ன மார்க்கம் நம்முடையது.

எங்கள் கரையால் நடந்து போனவர்கள்

இனி இலங்கைக்கு வருவோம். கோப்பிச் செடி போர்த்துக்கேயருக்கு முன்பே அராபியரால் இங்கு வந்திருக்கலாம் என்பது பொதுவான கருத்து. ஆனால் சிங்களவர் அதன் இளம் இலையைக் கறிக்கும் பூவை விகாரைக்கும் பயன்படுத்தினார்களே தவிர, கொட்டையை வறுத்துக் குடிக்கவில்லை என்று 1859இல் வெளியான தம் நூலில் எமர்சன் டெனன்ட் எழுதுகிறார். கர்நாடகத்துச் சிக்மகளூர் மலைக்கு யெமனிலிருந்து ஏழு விதைகளைக் கொண்டுவந்தவர் பாபா புதன் என்ற முஸ்லிம் பெரியார் என்பது அங்குள்ள வழிவழிச் செய்தி. அதுவரையும் அது ஒரு பெரியாரின் கையில் வந்த செடி.

வெள்ளைக்காரத் துரைமார் கையில் அது தோட்டமாயிற்று. 1820களில் கம்பளை, கண்ணொறுவைப் பக்கம் தொடங்கிய கோப்பித் தோட்டங்கள் மலைநாடு முழுவதும் பரந்தன. 1870ஐ ஒட்டி ஏற்றுமதி ஆண்டுக்கு 10 இலட்சம் அந்தரை எட்டிற்று. அதற்கு ஆள் எங்கிருந்து வந்தது? இராமநாதபுரம், மதுரை, திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து. தொண்டி, தேவிபட்டணம், பாம்பன் கரைகளில் வள்ளமேறி மன்னார்ப் பக்கம் இறங்கி, அங்கிருந்து மாத்தளை வரைக்கும் காட்டுப் பாதையால் நடந்தார்கள். கொலரா, காய்ச்சல், தண்ணீரில்லாக் காடு. பாதையோரத்தில் செத்தவர்களுக்குக் கல்லறை இல்லை.

நான் இருக்கும் இலுப்பைக்கடவை, மன்னாரிலிருந்து பூநகரிக்குப் போகும் வீதியில் இருக்கிறது. அவர்கள் நடந்த பாதை எங்களுக்குத் தெற்கே. கடவை என்றால் கடந்து போகும் வழி. எங்கள் மாவட்டம் முழுவதுமே அவர்களுக்கு ஒரு கடவையாகத்தான் இருந்தது. ஓர் இரவு தங்கி, அடுத்த நாள் நடந்துவிட்டார்கள்.

1869இல் மடுல்சீமைப் பக்கத்தில் கோப்பி இலையில் செம்மஞ்சள் நிறப் பொட்டுகள் தோன்றின. ஹெமிலியா வஸ்தாத்ரிக்ஸ் என்ற பூஞ்சணம். பதினைந்து இருபது ஆண்டுகளில் கோப்பித் தொழிலே படுத்துவிட்டது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் நட்டிருந்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. 1895 அளவில் தேயிலை நின்ற பரப்பு 3 இலட்சம் ஏக்கர். கோப்பிக்கு வந்தவர்களின் பிள்ளைகள் தேயிலைக்குக் கொழுந்தெடுத்தார்கள். 1914இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் கப்பல் ஓடத் தொடங்கியபோது அந்த நடைப்பயணம் இல்லாமற்போயிருந்தது. கடவை மட்டும் மன்னாரில்தான் இருந்தது.

அவ்வளவு தேயிலையை யார் குடிப்பது? குடிக்கும் வாய்களை உண்டாக்க வேண்டியிருந்தது. இந்தியாவில் 1903இல் தேயிலைத் தீர்வைச் சட்டம் வந்தது. ஏற்றுமதியாகும் தேயிலையின் மேல் வாங்கிய பணத்தில் பிரசாரம் நடந்தது. சந்தையிலும் புகையிரத நிலையத்திலும் தேத்தண்ணி போட்டுக் காட்டி, இலவசமாகக் குடிக்கக் கொடுத்துப் பழக்கினார்கள். இலங்கையில் 1932இல் தேயிலைப் பிரசாரச் சபை நிறுவப்பட்டது. தமிழ்நாட்டில் கோப்பி நடுத்தர வர்க்கத்துப் பிராமண வீட்டுப் பானமாகவும், தேத்தண்ணி தொழிலாளரும் முஸ்லிம்களும் குடிக்கும் பானமாகவும் பேசப்பட்ட வரலாற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற தம் நூலில் விரிவாகக் காட்டியுள்ளார்.

அகப்பை கைமாறிய இடம் இதுதான். அல்அஸ்ஹர் மாணவனுக்கு அளந்து கொடுத்தவர் அவனுடைய தலைவர். அவன் விழித்தது அவனுடைய இரவுக்காக. தோட்டத்தில் விடியப் பெரட்டுக்கு முன் குடித்த வெறுந்தேத்தண்ணி துரையின் பகலுக்காக. கடைத்தெருவில் அளப்பதற்கு ஒருவருமில்லை. குறைத்துக் குடியுங்கள் என்று எந்த வியாபாரியும் சொல்லமாட்டான்.

பசிக்குத் தேத்தண்ணி

எனக்கு இந்தப் பழக்கம் எப்படி வந்தது? நான் விடத்தல்தீவுப் பிள்ளை. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பத்து வயது. புத்தளம் பக்கத்தில் ஓலைக்கொட்டிலில் வளர்ந்தேன். நிவாரண அரிசி கிழமை முடிவதற்குள் தீர்ந்துவிடும். சீனியும் தேயிலையும் எப்படியோ இருக்கும். இரவில் உம்மா சாயம் கூட்டி, சீனி அள்ளிப் போட்டு ஒரு பெரிய கோப்பை தருவா. "இதக் குடிச்சிட்டுப் படு மகன், பசிக்காது." உண்மையாகவே பசிக்காது. ஆனால் நித்திரையும் வராது. கொட்டிலின் ஓலையைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். உம்மாவும் முழித்துத்தான் கிடப்பா. அவ குடித்தது என்னுடையதைவிடச் சாயம் கூடியது.

கஹ்வா என்றால் பசியை மந்தமாக்குவது என்று அகராதியில் வாசித்தபோது எனக்கு ஓலைக்கொட்டில்தான் ஞாபகம் வந்தது. தோட்டத்துச் சனங்களும் இப்படித்தான் குடித்திருப்பார்கள் என்று நினைத்தேன். ஏழையின் தேத்தண்ணியில் பாதி சோற்றுக்குப் பதிலாகக் குடிப்பது. உம்மாவை நான் குறை சொல்லவில்லை. அன்றைக்கு அவவிடம் வேறொன்றும் இருக்கவில்லை. ஆனால் பசி போன பிறகும் பழக்கம் நின்றது. ஊர் திரும்பி, வேலை கிடைத்து, சோறு தாராளமாக வந்த பிறகும் நான் அகதிப் பிள்ளையைப் போலவே குடித்துக்கொண்டிருந்தேன்.

வைத்தியர்கள் இன்று சொல்வது

மக்காச் சபை வைத்தியரைக் கூப்பிட்டதுபோல நாமும் இன்றைய அறிவைக் கூப்பிடுவோம். 1819இல் ஜேர்மனியில் ரூங்கே என்ற இரசாயன அறிஞர் கோப்பிக் கொட்டையிலிருந்து கஃபீனைப் பிரித்தெடுத்தார். 1827இல் தேயிலையில் கண்ட பொருளுக்குத் 'தேயீன்' என்று வேறு பெயரிட்டார்கள். சில ஆண்டுகளில் இரண்டும் ஒன்றே என்று தெரிந்தது. ஆகவே "நான் கோப்பி குடிக்கிறதில்ல, தேத்தண்ணி மட்டுந்தான்" என்று சொல்லித் தப்ப முடியாது.

நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்கிறது. அது தனக்குரிய வாங்கிகளில் போய் உட்கார்ந்தால் சோர்வு தெரியும். கஃபீன் அந்த இருக்கைகளில் முந்திப்போய் உட்கார்ந்துகொள்கிறது. அது சக்தி தருவதில்லை; களைப்புச் செய்தி நமக்கு வந்துசேராமல் தடுக்கிறது. கடன் தீரவில்லை, கடன்காரன் வாசலில் நிறுத்தப்பட்டிருக்கிறான், அவ்வளவுதான்.

நாளாந்தம் குடித்துவந்தால் மூளை புதிய இருக்கைகளைப் போட்டுக்கொள்கிறது. அதனால் முன்பு ஒரு கோப்பையில் கிடைத்த உற்சாகத்துக்கு இப்போது மூன்று வேண்டும். இதுதான் பழகிப்போதல். திடீரென நிறுத்தினால் காலியான இருக்கைகளிலெல்லாம் அடினோசின் உட்காரும். மூளையின் இரத்தக் குழாய்கள் விரியும். தலை இடிக்கும், கோபம் வரும், கவனம் நிற்காது. கடைசிக் கோப்பைக்குப் பின் 12 முதல் 24 மணித்தியாலத்தில் இது தொடங்கும். ஓரிரு நாளில் உச்சத்துக்குப் போகும். ஒரு கிழமை அளவில் அடங்கும். 'ரமழான் முதல்நாள் தலைவலி' என்ற பெயரிலேயே 1999இல் தலைவலி பற்றிய மருத்துவ இதழொன்றில் கட்டுரை வந்துள்ளது. கஃபீனை நிறுத்துவதே அதற்கு முக்கிய காரணம் என்று காண்கிறார்கள். நான் பசியென்று நினைத்தது இதைத்தான்.

அடுத்தது நேரக் கணக்கு. உடலில் சேர்ந்த கஃபீனில் பாதி கழிவதற்கு ஏறத்தாழ 5 மணித்தியாலம் எடுக்கும். ஆளுக்காள் கூடிக் குறையும். இரவு 10 மணிக்கு அந்தப் பையன் குடித்த கோப்பியில் பாதி விடிய 3 மணிக்கும் அவனுக்குள் இருந்தது. அவன் 2 மணிக்குப் படுத்தும் உறங்காததில் ஆச்சரியம் இல்லை. படித்தது மனதில் பதிவதற்கே உறக்கம் வேண்டும். கர்ப்பிணிகளுக்குக் கழியும் நேரம் இன்னும் பல மடங்கு நீளும்.

அளவு என்ன? சுகமான வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வரையும், கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் 200 மில்லிகிராம் வரையும் தீங்கில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2015இல் கூறிற்று. பிள்ளைகளுக்கு உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராம். ஒரு கோப்பைத் தேத்தண்ணியில் ஏறத்தாழ 40, 50 மில்லிகிராம் இருக்கும். கோப்பியில் அதைப்போல இரண்டு மடங்கு. சாயம் கூட்டினால் இதுவும் கூடும். 45 கிலோ எடையுள்ள மாணவன் இரவில் இரண்டு கோப்பி குடித்தால் அவனுடைய நாள் எல்லை அங்கேயே தாண்டிவிடுகிறது.

இன்னொன்று, கஃபீனால் அல்ல, தேயிலைச் சாயத்தால் வருவது. சோற்றோடு தேத்தண்ணி குடித்தால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வது குறைகிறது. இரத்தம் குறைந்த பெண்களுக்கு, சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் இடையில் ஒரு மணித்தியாலமாவது விடச் சொல்கிறார்கள். மீனும் கீரையும் சமைத்துப்போட்டு, கடைசியில் தான் மட்டும் வெறுஞ்சோற்றையும் தேத்தண்ணியையும் எடுத்துக்கொண்டு உட்காரும் உம்மாமார் நம் ஊர்களில் இன்றும் இருக்கிறார்கள். இதை ஜும்ஆவுக்குப் பின்னாலாவது யாராவது எழுந்து சொல்லவேண்டும்.

அகப்பையைத் திரும்ப எடுத்தல்

அடுத்த ஆண்டு ஷஃபான் பிறந்ததும் நான் தொடங்கினேன். முதலில் எண்ணினேன், ஒரு கொப்பியில் கோடு போட்டுக்கொண்டு வந்தேன். ஒன்பது என்று நினைத்தது பதினொன்றாக இருந்தது. அஸருக்குப் பிந்தியவற்றை முதலில் விட்டேன். பிறகு மூன்று நாளுக்கு ஒன்றாகக் குறைத்தேன். ஒரேயடியாக விடவில்லை, விட்டால் தலையிடி ஷஃபானிலேயே வந்துவிடும். கை பழகிய நேரத்துக்கு மல்லித்தண்ணியும் இஞ்சித்தண்ணியும் பனங்கட்டியோடு குடித்தேன். வீட்டில் "தேத்தண்ணி இல்லாட்டி நீங்க மனிசனே இல்ல" என்று சொன்னவ, தானும் கூடக் குறைத்தா. பிறை கண்ட அன்று இரண்டில் நின்றேன். ரமழானில் இஃப்தாருக்குப் பின் ஒன்று, ஸஹரில் ஒரு சிறு கோப்பை. முதல் நோன்பில் தலை கொஞ்சம் கனத்தது. இடிக்கவில்லை. அன்று வகுப்பில் யாரையும் ஏசவில்லை.

இடையில் ஒருமுறை பழைய பழக்கத்துக்குத் திரும்பியதும் உண்டு. பரீட்சை வினாத்தாள் திருத்தும் காலத்தில் ஏழு வரைக்கும் போயிற்று. திரும்பவும் கோடு போட வேண்டியிருந்தது. முழுதாக விடும் எண்ணம் எனக்கு இல்லை. பெரியார்கள் துணைக்கு வைத்துக்கொண்டதைத் துரத்துவானேன்? அவர்களைப்போல அளந்து குடித்தால் ஒரு கோப்பையே வேலை செய்கிறது. தராவீஹுக்கு முன் குடிக்கும் அந்த ஒன்று, முன்பு பதினொன்று செய்யாததைச் செய்கிறது.

அந்தப் பையனிடம் அடுத்த நாளே மன்னிப்புக் கேட்டேன். இரவு படிப்பை 10 மணியோடு நிறுத்தச் சொன்னேன். "விடியப்புறம் கரைக்குப் போறன்தானே சேர், எப்ப படிக்கிறது?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. அவனுடைய தகப்பனைச் சந்தித்துப் பேசினேன். அவர் முகத்தைப் பார்த்தால் அவரும் பல வருடமாக உறங்காத மனிதர். "ராவெல்லாம் கடல்ல தேத்தண்ணி போத்தல்தான் துணை சேர்" என்றார். கொஞ்ச நேரம் யோசித்தார். பரீட்சை முடியும்வரை வலைக்கு வேறு ஆளைப் பார்க்கிறேன் என்றார். அந்தப் பிள்ளைக்கு வேண்டியிருந்தது கோப்பியுமல்ல, என் ஏச்சுமல்ல; இரண்டு மணித்தியால நித்திரை. அதை ஒரு தகப்பன் தன் உழைப்பிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. பையன் தமிழில் திறமைச் சித்தி எடுத்தான்.

ஒவ்வொரு கோப்பையையும் கையில் எடுக்கும்போது இப்போது நான் ஒன்றைக் கேட்கிறேன்: இந்த விழிப்பு யாருக்கு? என் வணக்கத்துக்கா, என் பிள்ளைகளின் பாடத்துக்கா, இல்லையேல் வெறும் பழக்கத்துக்கா? சில நாள் பதில் கிடைக்காமல் கோப்பையைத் திரும்ப வைத்துவிடுகிறேன். சில நாள் பதில் கிடைக்காமலே குடித்தும் விடுகிறேன்.

இவ்விதழ் உங்கள் கைக்கு வரும்போது ரமழானுக்கு எவ்வளவு நாள் இருக்கிறதோ தெரியாது. ஷஃபான் பிறக்கும்போது ஒரு கொப்பியை எடுத்துக் கோடு போடத் தொடங்குங்கள். வீட்டில் உம்மா என்ன சாப்பிட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கிறா என்றும் ஒருமுறை பாருங்கள்.